ஒரு நிமிடம் பதினாறு விநாடி

அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் யாராவது தேடிப் பிடித்து, "உங்களைப் பற்றி ஒருத்தி எழுதியிருக்கிறாள்" என்று அவளிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவளும் நிதானமாகப் படித்துவிட்டு, "ஓம், சரியாத்தான் எழுதியிருக்கிறாள். ரெண்டு இடத்தில கொஞ்சம் கூட்டிச் சொல்லுறாள், பரவாயில்லை" என்பாள். அந்தப் 'பரவாயில்லை'யைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை. சின்னப் பொறாமை இல்லை, சோறு இறங்காத பொறாமை. நான் இன்றைக்கு ஒரு சரக்குக் கப்பலில் முதல் அதிகாரி. தோளில் மூன்று பட்டை. என்னைப் பார்த்து எழுந்து நிற்க ஆள் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. இருந்தும் அவள் ஞாபகம் வந்தால் வயிறு எரிகிறது, என்ன செய்ய?

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் கடலோரத் தெரு ஒன்றில், பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கப்பல் அதிகாரிகளுக்கான வகுப்பு நடந்தது. பயிற்சிக்காகக் கப்பலில் போகவேண்டிய காலத்தை முடித்துவிட்டு, மூன்றாம் அதிகாரி உரிமத்துக்கு இரண்டு மாதம் படிக்க வந்தவர்கள் நாங்கள். பத்தொன்பது ஆண்கள், இரண்டு பெண்கள். அந்த இரண்டும் தமிழ்ப் பெண்களாகப் போனதில் வகுப்பே ஆச்சரியப்பட்டது. நான் கடலுக்கு அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோர். சுற்றிலும் ரப்பர், செம்பனை. அப்பா தினமும் மோட்டார் சைக்கிளில் மாக் மண்டினுக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவள் சிலோன் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார் என்று போகிற வரிசை. அவள் வீட்டில் யாரும் கப்பலேறி வேலைக்குப் போனதில்லை. என் வீட்டில் யாரும் கடலில் கால் நனைத்ததுகூட இல்லை. ஒரு துணிக்கடைக்கு மேலே அறை எடுத்து இருவரும் தங்கினோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் நான் 'அக்கா' என்றேன். அவள் 'தங்கச்சி' என்றாள்.

முதல் நாள் காலையிலேயே சண்டைக்கு ஒரு காரணம் கிடைத்தது. அவள் கையில் ஆம்பிளைகள் கட்டுகிற பழைய எஃகுக் கடிகாரம், தினமும் சாவி கொடுக்கிற ரகம். பழைய சாமான் சந்தையில் வாங்கியதாம். எட்டிப் பார்த்தேன். என் கைபேசியோடு ஒப்பிட்டால் இருபது விநாடிக்கு மேல் வேகம்.

"அக்கா, உங்க வாட்ச் தப்பா ஓடுது லா."

"ஓம், தெரியும். இருபத்திரண்டு செக்கன் வேகம்."

"அப்ப திருத்த வேண்டியதுதானே?"

"ஏன் திருத்த வேணும்? ஒரு நாளைக்கு ஒரு செக்கன் கூட ஓடும், அவ்வளவுதான். தெரிஞ்ச பிழை பிழையில்லை, தங்கச்சி. திருத்தித் திருத்தி வைச்சால்தான் என்ர மணிக்கூடு எவ்வளவு பொய் சொல்லுதெண்டு தெரியாமப் போகும்."

மணிக்கூடாம், செக்கனாம். எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. அவள் சொன்னது கப்பல் முறைதான், நானும் படித்ததுதான். கப்பலில் இருக்கும் முக்கியமான கடிகாரத்தை யாரும் தொட்டுத் திருப்ப மாட்டார்கள். தினமும் சரியான நேரத்தோடு ஒத்துப் பார்த்து, இன்றைக்கு எவ்வளவு பிழை என்று ஒரு நோட்டில் எழுதுவார்கள். சூரியனின் உயரத்தை அளந்து கப்பல் நிற்கிற இடத்தைக் கணக்குப் போடும்போது அந்தப் பிழையைக் கழித்துக்கொள்வார்கள். அதில் நான்கு விநாடி தவறினால் கப்பல் ஒரு மைல் தள்ளிப் போய்விடும். சரி, கப்பல் கடிகாரத்துக்கு அந்த மரியாதை கொடுக்கலாம். சந்தையில் வாங்கிய வாட்சுக்கு எதற்கு? என் கையில் எண் ஓடுகிற பிளாஸ்டிக் வாட்ச். கொஞ்சம் பிசகினாலும் உடனே திருத்துவேன். அன்றைக்கும் அவள் முன்னாலேயே வேண்டுமென்று திருத்திக் காட்டினேன்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலை ஏழு பத்துக்குக் கைபேசியில் சரியான நேரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வாட்ச் என் கையில் இருக்கும். "ரெடியா இரு… இப்ப!" என்பாள். அந்த நொடியில் வாட்ச் என்ன காட்டுகிறதோ அதை நான் உரக்க வாசிக்க வேண்டும். அவள் தன் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வாள். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் கண் ஏமாற்றும் என்பது அவள் கட்சி. எழுதினதை என்னிடம் காட்ட மாட்டாள் என்றில்லை, நான்தான் எட்டிப் பார்த்ததில்லை. "ஐந்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்க ஓடுவேன். "இருபது" என்று அவள் தனக்குள் சொல்வது கேட்கும்.

வாட்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர்களையும் அவள் அப்படித்தான் வைத்திருந்தாள். வகுப்பு வாத்தியார் "கடைசியாக ஒன்று" என்றால் இன்னும் மூன்று பாக்கி என்பாள், மூன்றுதான் வரும். வீட்டுக்காரம்மா வெள்ளிக்கிழமை குழாய் ரிப்பேர் செய்ய ஆள் வரும் என்றால், திங்கட்கிழமைக்கு வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பாள். யாரையும் ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. நான் அப்படியா? பிறந்ததிலிருந்தே எல்லாரையும் திருத்துகிறவள். பஸ் டிரைவரோடு சண்டை, வாத்தியாரோடு சண்டை, வீட்டுக்காரம்மாவோடு சண்டை. கடைசியில் வேலை நடப்பதென்னவோ அவளுக்குத்தான். வீட்டுக்காரம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தால் மாடியேறி வந்து, "அந்தப் பெரிய புள்ள இருக்கா?" என்று கேட்பார். நான் கதவைத் திறந்துகொண்டு கல் மாதிரி எதிரே நிற்பேன்.

மதியச் சாப்பாட்டில்கூட என்னைத் தோற்கடித்தாள். பன்னிரண்டரைக்கு வகுப்பு விட்டதும் நான் எதிரே இருக்கும் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு ஓடி வரிசையில் நிற்பேன். அவள் வரமாட்டாள். கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில், வெயில் விழுகிற ஓரத்தில் ஒரு பென்சிலை நட்டுவைத்து நிழலைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். நிழல் குறுகிக் குறுகி நின்ற பிறகுதான் சாப்பாடு. பினாங்கில் அது ஒன்று இருபதுக்கு நடக்கும், மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்னே பின்னே போகும். நம் நாட்டுக் கடிகாரங்கள் சபாவுக்கும் கிழக்கே கடலில் போகிற ஒரு கோட்டுக்கு வைத்தவை. அங்கே உச்சிக்கு வந்த சூரியன் பினாங்குக்கு நடந்து வர அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

"இந்த ஊரில எல்லாருடைய மணிக்கூடும் ஒரு மணித்தியாலம் இருபது நிமிசம் வேகம்" என்பாள். "அரசாங்கமே தெரிஞ்சுகொண்டுதான் பிழையான நேரத்தில ஓடுது. நீ என்னண்டா என்ர இருபத்திரண்டு செக்கனுக்குச் சண்டைக்கு வாறாய்."

கடைக்காரர் பாய்க்கு அவள் என்றால் உயிர். "லுஹர் தொழுகைக்கு இன்னிக்கு எத்தனை மணிம்மா?" என்று கல்லாவிலிருந்தே கேட்பார். அவள் நிழலைப் பார்த்துவிட்டு ஒரு நேரம் சொல்வாள். சொன்ன நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் பள்ளிவாசலில் பாங்கு கேட்கும். பாய் தொடையைத் தட்டிச் சிரிப்பார். சுவரில் நேரம் அச்சடித்த காலண்டர் தொங்குகிறது, அதைப் பார்த்தால் போதாதா அந்த மனுஷனுக்கு? அவள் தட்டில் மட்டும் இறால் ஒன்று கூட விழும். பன்னிரண்டரைக்கு வரிசையில் நின்று வியர்த்து வாங்கிய என் தட்டில் வெறும் குழம்பு. நானும் அதே பாடத்தைப் படித்தவள்தான், அதே நேரத்தை என்னாலும் சொல்ல முடியும். என்னை யாரும் கேட்கவில்லை.

பாய் போகட்டும், அந்நியர். என் அப்பாவையும் அவள் பிடித்துக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். வழியில் பிறை என்கிற ஊரில் லாரிகளுக்கு நடுவே மாட்டி, ஃபெர்ரியைத் தவறவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது பதினொன்று. நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கீங்களாப்பா? ஆறின சோத்தைத் தின்னுங்க" என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்க முயன்றார். பின்னால் இவள் குரல் வந்தது: "சோறு இப்பத்தான் இறக்கினது, வாங்கோ அப்பா." பத்து மணி என்றால் பதினொன்று என்று முந்தின தடவையே குறித்து வைத்திருக்கிறாள் மகராசி. அப்பா ஆவி பறக்கப் பறக்க சாப்பிட்டார். போகும்போது என் காதில், "அந்தப் புள்ளகிட்ட கத்துக்கம்மா" என்றார். பெற்ற அப்பா!

பரீட்சை முடிந்தது. அவள் முதல், நான் இரண்டாவது. வித்தியாசம் ஒரே ஒரு மதிப்பெண். பத்து மதிப்பெண் வித்தியாசமாக இருந்திருந்தால் நிம்மதியாக விட்டிருப்பேன்.

உரிமம் கையில் இருந்தால் போதாது, கப்பல் கிடைக்க வேண்டும். அவளுக்கு அவள் அப்பா கெடு வைத்திருந்தார். "வகுப்பு முடியுறதுக்குள்ள கப்பல் கிடைக்காட்டி வீட்டுக்கு வா, கிள்ளானில எனக்குத் தெரிஞ்ச ஆபீசில வேலை இருக்கு, கடல் ஆசை போதும்." இதை அவளே என்னிடம் சொன்னாள், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே. அதே வாரம் என் அம்மா கைபேசியில் கூப்பிட்டார். அப்பாவின் தொழிற்சாலையை மூடுகிறார்களாம், மாத முடிவோடு எல்லாரையும் நிறுத்துகிறார்களாம். தம்பி, தங்கை இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம் போய் மெதுவாகத்தான் பேசினேன். அப்போதும் அவள் இஸ்திரிதான் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். அவள் இரக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்போது ஒரு கப்பல் கம்பெனி மூன்றாம் அதிகாரி ஒருவரைத் தேடியது. பெண் அதிகாரி தங்க அந்தக் கப்பலில் ஒரே ஓர் அறை. எங்கள் இருவரில் யார் என்று முடிவுசெய்ய ஒரு வயதான மலாய்க் கேப்டன் வந்தார். திரையில் கப்பலின் இடம் தானாகத் தெரிகிற இந்தக் காலத்தில், சூரியனைப் பிடித்து இடம் சொல்லத் தெரியாதவரை மேல்தளத்தில் ஏற்ற மாட்டேன் என்கிற மனுஷர். மறுநாள் இருவரையும் படகில் கூட்டிப்போவதாகச் சொன்னார். கைபேசி கிடையாது. சூரியனின் உயரத்தை அளக்க ஆளுக்கு ஒரு செக்ஸ்டன்ட், ஆளுக்கு ஒரு வாட்ச்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனாள். அவள் குளியல் ஏழு நிமிஷம், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. மேசைமேல் அந்த எஃகு வாட்ச். அன்றைக்கு அது ஒரு நிமிடம் பதினாறு விநாடி வேகம். கையில் எடுத்தேன். திருகாணியை இழுத்து முள்ளை நிறுத்தினேன். கைபேசியைப் பார்த்து, விநாடி சுத்தமாகச் சரியான நேரத்தில் விட்டேன்.

நான் செய்த துரோகம் இதுதான். தப்பாக ஓடிய கடிகாரத்தைச் சரியாக வைத்தேன். போலீஸில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சரியாக ஓடுகிற கடிகாரத்திலிருந்து அவள் ஒரு நிமிடம் பதினாறைக் கழிப்பாள். கழித்தால் படகு பத்தொன்பது மைல் தள்ளிப் போகும்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். ஏழு பத்து. "ரெடியா இரு… இப்ப!" வாட்ச் ஏழு பத்து என்று காட்டியது. நான் வாயைத் திறந்து, "ஏழு பதினொண்ணு, பதினாறு செகண்ட்" என்று வாசித்தேன். அவள் எழுதிக்கொண்டாள். "ஐந்து நிமிஷத்தில வரேன்" என்று குளியலறைக்கு ஓடினேன். தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளே வெகுநேரம் சும்மா நின்றேன்.

படகு தெலுக் பஹாங்கைத் தாண்டி, தீவின் மேற்கு முனைக்கு அப்பால் போய் நின்றது. ஜூன் மாதம், உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். ஒன்று இருபதுக்கு அது ஏறுவது நின்றதும் இருவரும் உயரத்தை அளந்தோம். எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்பதைச் சொல்ல வாட்ச் தேவையில்லை, இருவருக்கும் ஒரே விடை. நாலரைக்கு மேற்கே இறங்குகிற சூரியனைப் பிடித்தோம். அதற்குத்தான் வாட்ச் வேண்டும். அவள் வாட்சைப் பார்த்தாள், எழுதினாள், கணக்குப் போட்டாள். எழுதி முடித்த காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மடித்துக் கேப்டனிடம் கொடுத்தாள்.

என் விடை நிஜமான இடத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி. கேப்டன் தலையாட்டினார். அவள் விடையை வரைபடத்தில் குறிக்கப் போனவர் பென்சிலைக் கிழக்கே நகர்த்தினார், நகர்த்தினார், கடல் முடிந்து கரையேறியும் நிறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"என் படகைச் செம்பனைத் தோட்டத்தில் ஏற்றிவிட்டாயே! இது என்ன ஊர்?" என்று மலாயில் கேட்டார்.

"தாசேக் கெலுகோர், கேப்டன்" என்றாள். "இவளின் வீடு அங்கேதான் இருக்கிறது."

பத்தொன்பது மைல் கிழக்கே எந்த ஊர் வரும் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. கேப்டன் அவள் வாட்சை வாங்கித் தன்னுடையதோடு வைத்துப் பார்த்தார். "வாட்ச் சரியாகத்தானே ஓடுகிறது? இதில் எதற்கு ஒரு நிமிடம் பதினாறைக் கழித்தாய்?"

"என் பிழை, கேப்டன்" என்றாள். கேப்டனுக்கே மனசு கேட்கவில்லை. கரைக்கு வரும்வரை அவளிடம் பிஸ்கட் டின்னை நீட்டிக்கொண்டே இருந்தார்.

கப்பல் எனக்குக் கிடைத்தது.

மறுநாள் காலை அவள் என்னை உலுக்கி எடுப்பாள் என்று காத்திருந்தேன். திட்டுவதற்குப் பதில் சொல்ல நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். ஏழு பத்துக்கு வாட்சை என் கையில் கொடுத்தாள். "ரெடியா இரு… இப்ப!" என்றாள். நான் வாட்சைப் பார்த்தேன். வியர்வையில் கண் எரிந்தது. "ஏழு பத்து, ஒரு செகண்ட்" என்றேன். ஒரு நாளைக்கு ஒரு விநாடி, அது தன் வழக்கப்படி ஓட ஆரம்பித்திருந்தது. அவள் எழுதிக்கொண்டு, "தேத்தண்ணி போடவோ?" என்று கேட்டாள். பழைய பிழைக்கு முள்ளைத் திருப்பி வைக்கவே இல்லை. நான் வைத்த இடத்திலிருந்தே எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

எட்டாம் நாள் நான் புறப்பட்டேன். ஃபெர்ரி வரைக்கும் என் பெட்டியின் ஒரு பிடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூட்டத்தில் நின்று, "அக்கா, அந்த வாட்ச்…" என்று ஆரம்பித்தேன்.

"ஓம், இண்டைக்கு எட்டு செக்கன்" என்றாள். "கவனமாப் போ. அப்பாவுக்கு வாரத்தில ஒருக்கா எடுத்துப் பேசு."

அப்பாவுக்கு ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை. ஃபெர்ரி நகர்ந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கப்பலில் ஆறு மாதமும் அதைச் சொல்லித்தான் தூங்கினேன். எப்படியோ, கெட்ட வழியிலோ நல்ல வழியிலோ, ஒரு தடவையாவது அவளை முந்தினேனே. அந்தச் சம்பளத்தில்தான் தாசேக் கெலுகோரில் அடுப்பு எரிந்தது.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து, அறையில் விட்டுப்போன சாமான்களை எடுக்கப் போனேன். அவள் கிள்ளானுக்குப் போய் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடலுக்கு அவள் மறுபடி வரவே இல்லை. வீட்டுக்காரம்மா என் சாமான்களோடு அந்தச் சின்ன நோட்டையும் கொடுத்தார். "உன் அலமாரியில இருந்திச்சு" என்றார். மறந்து வைத்துவிட்டுப் போனாளா? அவள் எதையும் மறக்கிறவள் இல்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து முதல் தடவையாக அதைத் திறந்தேன். தேதிவாரியாக மூன்று பத்தி. முதல் பத்தி, காலை ஏழு பத்துக்கு நான் வாசித்துச் சொன்னது. இரண்டாவது, ஏழு இருபதுக்கு அவள் தனியாகப் பார்த்தது. நான் குளிக்கப் போனதும் தினமும் இன்னொரு தடவை அவளே ஒத்துப் பார்த்திருக்கிறாள், முதல் நாளிலிருந்து. மூன்றாவது பத்தி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அதற்குத் தலைப்பு போட்டிருந்தாள்: தங்கச்சி.

ஒன்று. இரண்டு. ஒன்று. ஒன்று. இரண்டு. நான் எப்போதும் ஒன்றிரண்டு விநாடி பிந்தி வாசித்திருக்கிறேன். இரண்டு மாதமும் அப்படித்தான். எனக்கே தெரியாது. அவள் ஒருநாளும் சொன்னதில்லை, கழித்துக்கொண்டே வந்திருக்கிறாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். படகில் போன நாள். நான் சொன்னது, ஒரு நிமிடம் பதினாறு. அவள் பார்த்தது, பூஜ்யம். தங்கச்சி, எழுபத்தாறு.

மேலும் கீழும் மூன்று தடவை விரலால் தொட்டுப் படித்தேன். ஏழு இருபதுக்கே தெரிந்திருக்கிறது. படகு ஏறும் முன்பே. பூஜ்யத்தைக் கழித்திருந்தால் போதும், கப்பல் அவளுடையது. தெரிந்துகொண்டேதான் அந்த எழுபத்தாறைக் கழித்து, படகைக் கொண்டுபோய் என் அப்பா வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறாள். ஜன்னலோரம் நான் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"பாவி!" என்று கத்திவிட்டேன். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். அழுகைதான் வந்தது, ஆனால் நன்றியில் இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தால் ஜெயிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். துரோகத்தாலாவது ஜெயித்தேன் என்று இருந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டுவிட்டாளே! அதற்குப் பிந்தின எட்டு நாளும் மூன்றாவது பத்தியில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். குற்ற உணர்ச்சியில் நான் கண்ணை விரித்து வைத்துக்கொண்டு சரியாக வாசித்திருக்கிறேன். அதையும் விடாமல் எழுதியிருந்தாள்.

அவள் எண் என் கைபேசியில் இருக்கிறது. இதுவரை கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு என்ன சொல்ல? தெரிஞ்ச பிழை பிழையில்லை என்பாள்.

கப்பல் பினாங்குப் பக்கம் வந்து எனக்கு இறங்க நேரம் கிடைத்தால், ஒன்று இருபதுக்கு அந்த நாசி கண்டார் கடைக்குப் போகிறேன். பாய்க்குத் தாடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: "அந்தச் சிலோன் புள்ள சௌக்கியமாம்மா?" சௌக்கியம் என்பேன். "இது அதுக்காக" என்று என் தட்டில் ஓர் இறாலைக் கூடப் போடுவார். வயிறு எரியும். வேண்டாம் என்று சொல்ல நினைப்பேன். தோளில் இருக்கிற மூன்று பட்டையும் அவளுடையது, இந்த இறாலை மட்டும் தள்ளி வைத்து என்ன ஆகப் போகிறது? தின்றுவிட்டுக் கை கழுவ எழுந்திருப்பேன்.